நாடகம் படிக்கப் பல்கலைக்கழகமா, நடிப்புப் பள்ளியா?

நடிப்பை முறையாகக் கற்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழக நாடகத் துறையில் பட்டப்படிப்பு. இன்னொன்று, நடிப்புக்கென்றே இயங்கும் பயிற்சிப் பள்ளி. நான் முதல் வழியில் போனவன். இன்று யாராவது கேட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு அதையே சொல்வேன். அந்தச் சாய்வு இந்த அலசல் முழுக்கத் தெரியும்.

சான்றிதழ் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பட்டம் மேற்படிப்புக்கும் ஆசிரியர் வேலைக்கும் உதவும். இப்போது பல நடிப்புப் பள்ளிகளும் பட்டம் தருவதால் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. நுழைவைப் பொறுத்தவரை, பள்ளிகளில் ஆடிஷன்தான் எல்லாம். பல்கலைக்கழகங்களில் மதிப்பெண்ணுக்கும் இடமுண்டு.

பயிற்சியின் அடர்த்தியில் நடிப்புப் பள்ளிக்குத்தான் வெற்றி. மூச்சு, குரல், உச்சரிப்பு, உடல் அசைவு, காட்சிப் பயிற்சி என்று நாள் முழுக்க அதே வேலை. சிறிய வகுப்பு என்பதால் யாருடைய தோள் இறுகியிருக்கிறது, யார் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறார் என்பதெல்லாம் ஆசிரியருக்கு அத்துபடி. பல்கலைக்கழகத்தில் அந்த நேரத்தின் பெரும்பகுதியை நாடக வரலாறும் பிரதி வாசிப்பும் கட்டுரைகளும் எடுத்துக்கொள்ளும். நான் வெளியே ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து குரல் பயிற்சி செய்தேன். அது ஓரளவுக்குத்தான் ஈடுகட்டியது.

ஆனால் அந்த வாசிப்பு வீண் இல்லை. அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர் 1934-இல் பாரிஸில், நடிப்புக்கென்று ஒரு முறையை வகுத்த ரஷ்ய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்துத் திரும்பியதும், சொந்த வாழ்வின் உணர்ச்சி நினைவுகளைத் தோண்டுவதைவிட நாடகம் தரும் சூழலும் கற்பனையுமே முக்கியம் என்று வாதிட்டார். உணர்ச்சி நினைவுகளையே பயிற்சியின் மையமாக வைத்திருந்த இயக்குநர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் அதை ஏற்கவில்லை. ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு கற்பிக்கும் இடத்தில் இந்தச் சண்டை மாணவர் காதுக்கு வராமலே போகலாம். இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டவருக்கு, ஒரு காட்சி பிடிபடாதபோது முயன்று பார்க்க இன்னொரு வழி கையில் இருக்கும்.

சரி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். நடிகரின் தொழில் வாழ்க்கையில் பெரும்பகுதி காத்திருப்பு. யாரோ ஒருவர் பிரதியைத் தேர்ந்து, பணம் திரட்டி, இடம் பிடித்து, அப்புறம் உங்களை அழைக்க வேண்டும். எவ்வளவு நன்றாகப் பழக்கிய குரலாக இருந்தாலும் அழைப்பு வரும்வரை அதற்கு வேலை இல்லை. நல்ல நாடகத் துறை ஒன்று உங்களை அழைக்கப்படுபவராக மட்டும் விட்டுவைக்காது. ஒரு தயாரிப்பில் நடிப்பீர்கள், அடுத்ததில் விளக்குப் பலகையின் முன் உட்கார்ந்து, சைகை வந்ததும் மேடை விளக்குகளை மாற்றுவீர்கள், இன்னொன்றில் மேடை மேலாளராக யார் எங்கிருந்து நுழைகிறார் என்று பிரதியின் ஓரத்தில் குறிப்பெழுதுவீர்கள். பிறகு நீங்களே ஒரு நாடகத்தை இயக்குவீர்கள். அதுவரை நடிகராக மட்டும் பார்த்த ஒத்திகை அப்போது வேறு மாதிரி தெரியும். ஒருவர் தாமதமாக வந்தால் மொத்தக் குழுவுக்கும் என்ன ஆகிறது என்பதும், எந்தக் காட்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதும் அங்கேதான் புரியும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். அந்த ஊரில் ஓல்ட் விக் நாடகப் பள்ளி 1946-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிரிஸ்டல் பல்கலைக்கழகம் நாடகத் துறையைத் தொடங்கியது, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அதுதான் முதல். 1957-இல் அந்தத் துறையில் படித்துக்கொண்டிருந்த ஹென்றி வுல்ஃப், தான் இயக்குவதற்கு ஒரு நாடகம் எழுதித் தரும்படி நண்பர் ஒருவரைக் கேட்டார். நண்பர் அப்போது ஊர் ஊராகப் போய் நடித்துக்கொண்டிருந்த நடிகர். அவர் பெயர் ஹரால்ட் பின்ட்டர், பின்னாளில் புகழ்பெற்ற நாடகாசிரியர். அவருடைய முதல் நாடகமான ‘தி ரூம்’ அப்படித்தான் பிறந்தது. வுல்ஃப் அதை இயக்கி, அதில் நடிக்கவும் செய்தார். அதே ஆண்டின் இறுதியில் ஓல்ட் விக் பள்ளியும் அதை மேடையேற்றியது. ஒரு மாணவருக்கு இயக்கவும் இடம் பிடிக்கவும் வாய்ப்பு இருந்ததால் நடந்த காரியம் இது. படிப்பு முடிந்து, வாய்ப்பு வராத மாதங்களில் நானும் என் வகுப்பு நண்பர்களும் சிறு நாடகங்களைத் தயாரித்துக்கொண்டுதான் மேடையில் இருந்தோம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இசை நாடகமோ, செய்யுள் வசனம் நிறைந்த செவ்வியல் நாடகமோ உங்கள் ஆசை என்றால், தினசரிக் குரல் பயிற்சியை வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாது, பள்ளிக்கே போங்கள். திரை நடிப்பில் என் அனுபவம் சொற்பம் என்பதால், கேமரா முன்னால் எந்தப் படிப்பு அதிகம் உதவும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சில பள்ளிகள் மாணவர்களையே நாடகம் உருவாக்க வைக்கின்றன. அப்படி ஒன்றில் இடம் கிடைத்தால் நான் இங்கே சொன்ன வாதம் பாதியாகக் குறைந்துவிடும்.

பல்கலைக்கழகம் என்று முடிவெடுத்தாலும் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். சில துறைகளில் நாடகம் என்பது இலக்கியப் பாடத்தின் ஒரு கிளை, மேடையேறாமலே பட்டம் வாங்கிவிடலாம். கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, ஒரு பருவத்தில் எத்தனை தயாரிப்புகள் நடக்கின்றன, மாணவர் இயக்கும் நாடகத்துக்குத் துறை பணம் தருகிறதா, வகுப்பு முடிந்த பிறகு ஒத்திகை அறை திறந்திருக்குமா என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களுடைய ஒத்திகை ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.