ராமநாதபுரத்தில் ஒரு ஜெனரிக் மருந்துக்கடை: நண்டுக் கம்பெனிக்காரனின் விமர்சனம்

கடை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரம்தான். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. ஒற்றை ஷட்டர், ஏ.சி. கிடையாது, வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஜெனரிக் மருந்து, அதாவது விளம்பரப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப் பெயரிலேயே மலிவாக வருவது, அது மட்டுமே விற்கிறார்கள். விளம்பரத்தில் வரும் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அது பக்கத்துக் கடையில கிடைக்கும்ணே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு மண்டபத்தில் நண்டு அவித்துச் சதை எடுக்கும் சின்ன கம்பெனி. வள்ளத்தில் வரும் நீலக்கால் நண்டை எடை போட்டு அவித்துக் கொடுத்தால், பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையைத் தரம் பிரித்து ஐஸில் வைப்பார்கள். ஏற்றுமதிக்காரர் வண்டி வந்து எடுத்துப் போகும். டப்பாவில் அடைபட்டுப் பெரும்பாலும் அமெரிக்காவுக்குத்தான் போகிறது. இவனுக்கும் மருந்துக்கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என்னிடம் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சுகர், இல்லாவிட்டால் பிரஷர். நண்டு ஓடு விரலில் ஏறாத நாளே கிடையாது. சுகர் இல்லாதவருக்கு அது ரெண்டு நாளில் ஆறிவிடும். இருக்கிறவருக்கு அப்படி இல்லை. என்னிடம் வேலை பார்க்கும் அக்கா ஒருவருக்குக் கட்டைவிரல் நகத்துக்குக் கீழே ஏறிய சின்னக் குத்து, கருத்து வீங்கி, சீழ் வைத்து, போன மழைக்காலம் முழுக்க அவரால் வேலைக்கு வர முடியவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா என்றேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன் அண்ணே, அட்டை சீக்கிரம் தீருதே" என்றார்.

அவருக்கு மாத்திரை வாங்கத்தான் இந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தேன். கவுன்ட்டரில் இருக்கும் மருந்தாளுநர் பெண் சீட்டை வாங்கியதும் கூட வந்த அக்காவிடமிருந்த பழைய அட்டையையும் கேட்டார். அதைத் திருப்பி, பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினார். மெட்ஃபார்மின் 500, அதுதான் அந்தச் சுகர் மருந்தின் மூலப் பெயர். அப்புறம் தன் கடை அட்டையை எடுத்து அதே வரியைக் காட்டினார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது; ஆனால் ரெண்டும் ஒரே மாதிரி வரைந்திருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். கவரில் ஸ்கெட்ச் பேனாவால் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா, சாப்பாட்டுக்குப் பிறகு என்பதற்கு ஒரு தட்டு வரைந்து கொடுத்தார் அந்தப் பெண். இதற்காகவே ஐந்துக்கு நாலு நட்சத்திரம் போடுவேன். மாதம் ஆயிரத்துச் சொச்சம் வந்த பில், முந்நூறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. விலை குறைந்தால் வேலை செய்யுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. மூணு மாதச் சுகர் டெஸ்டைப் பார்த்த டாக்டர், இதையே தொடரச் சொன்னார்.

இந்த இடத்தில் கொஞ்சம் அரசியல். அமெரிக்காவில் மருத்துவச் செலவால் நாட்டின் போட்டித்திறன் போகிறது என்று ரொம்ப வருஷமாகச் சண்டை. அங்கே தொழிலாளிக்கு இன்ஷூரன்ஸ் கட்டுவது பெரும்பாலும் முதலாளிதான். தாங்கள் விற்கும் ஒவ்வொரு காரிலும் 1,500 டாலருக்கு மேல் மருத்துவச் செலவு ஏறியிருக்கிறது, ஜப்பான்காரனோடு எப்படி மோதுவது என்று 2005 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் புலம்பியது. பெரிய முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2017-ல் அந்தச் செலவை அமெரிக்கத் தொழிலைத் தின்னும் நாடாப்புழு என்றார். பொருளாதார நிபுணர்கள் பலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. முதலாளி கட்டுகிற பிரீமியம் கடைசியில் தொழிலாளி சம்பளத்தில்தான் கழிகிறது, பொருளின் விலையில் இல்லை என்பது அவர்கள் வாதம்.

எங்கள் ஊரில் இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது. அதனால் இல்லை என்று ஆகிவிடுமா? இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கைக்காசாகக் கொடுத்தது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 என்கிறது அரசுக் கணக்கு. குறைந்தது நல்லதுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால் கைகொடுக்கும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடையே தேவையில்லை. ஆனால் தனியார் டாக்டரிடம் போய்ச் சீட்டோடு வருகிறவர் கைக்காசில்தான் வாங்குகிறார். காசு இல்லாத மாதம் என்னிடம் அட்வான்ஸ். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் ஏற்றுமதிக்காரர் எனக்குக் கிலோவுக்கு விலையைக் குறைத்தார், நான் அட்வான்ஸைக் குறைத்தேன். அட்வான்ஸ் குறைந்தால் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகிறது, அப்புறம் விரல் ஆறாது, ஆள் வராது, அவித்த நண்டு உடைக்க ஆளில்லாமல் கிடக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கணக்கை எழுதிக் காட்டியது, நான் எழுதுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மலிவு மருந்தை "இலவசக் கலாச்சாரம்" என்று டிவியில் திட்டுகிறவர்கள் ஒருநாள் என் ஷெட்டில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

பிரதமரின் மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் கடையாகத் திறந்த முதல்வர் மருந்தகங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. யார் படம் பெரிசு என்று கட்சிக்காரர்கள் சண்டை போடட்டும்.

சரி, குறைகள். இன்சுலின் பாதி நாள் இருப்பதில்லை. பிரஷருக்கு ரெண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக டாக்டர் எழுதினால் இங்கே தனித்தனியாகத்தான் தருகிறார்கள். விலை குறைவுதான், ஆனால் வயசானவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேட்டால்தான் பில் தருவார்கள். கேட்டு வாங்குங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆகிவிட்டது, அது குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். மதியம் சாப்பாட்டுக்கு மூடுவார்கள், எப்போது திறப்பார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம். மண்டபம், பாம்பன் பக்கமிருந்து பஸ் ஏறுகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். இன்சுலின் என்றால் முதல் நாளே போன் போட்டு எடுத்துவைக்கச் சொல்லுங்கள், ஐஸ் வைத்த டப்பாவும் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் வெறும் கவரில்தான் போட்டுத் தருவார்கள்.