பழைய தேக்கு டெக்: பசையை மாற்றுவதா, பெயர்த்து எடுப்பதா?

பினாங்கில் நிற்கும் பழைய மரப் பாய்ப்படகுகளின் மேல்தளமான டெக்கைக் கெடுப்பது கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். உப்பு மரத்தைக் காக்கும். மழைநீர் உள்ளே ஊறி நின்றால் மரம் இற்றுப்போகும்.

தேக்குப் பலகைகளைப் பிளைவுட் மேல் ஸ்க்ரூ போட்டுப் பதித்த டெக் என்றால், முதலில் ஸ்க்ரூவை மூடியிருக்கும் மரக்கட்டை ஒன்றைக் கிளப்பிப் பலகையின் கனத்தை அளந்து பாருங்கள். 12 மி.மீ. பலகையில் 8 மிச்சம் இருந்தால் பழுது பார்க்கலாம். 6-க்குக் கீழே மூடிக்கட்டை நிற்க இடமில்லை. பலகைகளுக்கு இடையே ஓடும் பள்ளத்தை, அதாவது காடியை, அடைக்கும் பசைக்குப் போடும் காசு வீண். அடுத்து டெக்கை நனைத்துக் காயவிடுங்கள். மற்றதெல்லாம் வெளுத்த பிறகும் எந்தக் காடியோரம் கறுப்பாகவே கிடக்கிறதோ, ஒழுகல் பெரும்பாலும் அங்கேதான்.

பழுது என்றால் பழைய பசையை முழுக்கச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, பிரைமர் அடித்து, காடியின் அடியில் பசை ஒட்டாத டேப் போட வேண்டும். அந்த டேப்பைச் சிலர் வேண்டாத வேலை என்று விட்டுவிடுகிறார்கள். பசை இரண்டு சுவரை மட்டும் பிடித்தால் பலகை சுருங்கும்போது ரப்பர்போல் இழுபடும். அடியையும் பிடித்துக்கொண்டால் ஓரத்தில் கிழியும். 5 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம், 5 செ.மீ.க்கு ஒரு காடி என்றால் 20 சதுர மீட்டருக்கு 12 லிட்டர் பசை. 300 மி.லி. டியூப் 40, சேதாரத்தோடு 45 வாங்குங்கள்.

புதுத் தேக்கு பார்க்க அழகுதான். ஸ்க்ரூ இல்லாமல் எபோக்ஸியில் (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசினில்) ஒட்டினால் ஓட்டையும் இல்லை. ஆனால் நல்ல பர்மாத் தேக்கு விலை அதிகம். 2021-இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் மியன்மாரின் அரசு மர நிறுவனத்துக்குத் தடை போட்டதில் சிக்கல் இன்னும் கூடியது.

தேக்கே வேண்டாம் என்றால் பிளைவுட், எபோக்ஸி, கண்ணாடியிழை. இந்த ஊர் வெயிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான்: வெளிர் நிறம் அடித்த டெக்கில் மதியமும் ஓரளவு கால் வைக்கலாம், பழைய தேக்கில் முடியாது. பழைய ஸ்க்ரூ ஓட்டை ஒவ்வொன்றையும் பெரிதாகத் துளைத்துக் கெட்டி எபோக்ஸியால் அடைக்க வேண்டும். இற்ற பிளைவுட்டை வெட்டி மாற்ற வேண்டும். எபோக்ஸியை இறுகவைக்கும் ஹார்டனர் வெப்ப நாட்டுக்கான மெதுவான ரகமாக இருக்கட்டும். வேகமானதை மொத்தமாகக் கலந்தால் டப்பாவிலேயே புகையும்.

அடியில் பிளைவுட் இல்லாமல், கனத்த பலகைகள் நேராக உத்தரத்தில் பூட்டிய பழைய படகா? அதன்மேல் கண்ணாடியிழை ஒட்டாதீர்கள். பலகை அசைய அசைய இழை வெடிக்கும், ஈரம் அடியில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பழையபடி காடியில் அடைக்கும் பஞ்சுத் திரியும் பசையும்தான்.

எந்த வேலையானாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடியுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் திறந்த டெக் காயவே காயாது.