டிராக் டேக்கு ஒரு எளிய மேனுவல் கார்: பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 உடன் சில வருடங்கள்

டிராக் டே ஓட்டுவதற்கென்று ஒரு கார் தேடுகிறேன், எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் விசாரிப்பது அந்தக் காரின் எடையைத்தான். குதிரைசக்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே. என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. அதிலும் 2001-ல் சில மாற்றங்களோடு வந்த பிந்தைய வகை. 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 146 குதிரைசக்தி, ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இயக்கம், இரண்டே இருக்கை. எடை ஏறக்குறைய 1,100 கிலோ. நெடுஞ்சாலையில் இன்றைய டர்போ ஹேட்ச்பேக் பலவும் இதைத் தாண்டிப் போய்விடும். அது தெரிந்தேதான் வாங்கினேன். இத்தனை வருடம் ஓட்டிய பிறகும், மறுபடி வாங்கச் சொன்னால் இதையேதான் வாங்குவேன்.

டிராக் டே பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரேஸ் நடக்கும் ஓடுதளத்தில் பணம் கட்டி, நம் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டும் நாள் அது. பந்தயம் கிடையாது. முன்னால் போகிறவர் வழிவிட்டால்தான் முந்தலாம். காலையில் பாதுகாப்பு விளக்கம், சத்தப் பரிசோதனை, பிறகு பாதையைப் பார்த்துக்கொள்ள மெதுவாகச் சில சுற்றுகள், அதன்பின் ஓட்டம். இங்கே ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பார்ப்பதையே நடத்துபவர்கள் அனுமதிப்பதில்லை. கார் தேர்வைப் பற்றி யோசிக்கும்போது இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். யார் வேகம் என்று எங்கும் பதிவாகப் போவதில்லை. மிஞ்சுவது ஓட்டும் அனுபவமும், கற்றுக்கொள்வதும், சாயங்காலம் அதே காரில் வீடு திரும்புவதும்தான்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? பிரேக் பிடிக்கும்போது காரின் இயக்க ஆற்றல் முழுக்க வெப்பமாக மாறி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்குக்கும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கும் போகிறது. அதே வேகத்தில் வரும் 1,500 கிலோ காரைவிட 1,000 கிலோ கார் மூன்றில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தைத்தான் உண்டாக்குகிறது. அதனால் பேட் நீடிக்கும், டிஸ்க்கில் விரிசல் விழாது, சிறிய டிஸ்க்கே போதும், அதன்மேல் சிறிய சக்கரம் பொருத்தலாம், சிறிய சக்கரத்துக்கு டயர் விலை குறைவு. நான் 16 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 15 அங்குலத்துக்கு மாறினேன். 195/50 அளவில் நல்ல பிடிப்புள்ள, சாலையிலும் ஓட்டலாம் என்கிற டயர்கள் நிறையக் கிடைக்கின்றன. கனமான, சக்தி கூடிய கார்களோடு வருகிறவர்கள் ஒரே நாளில் முன் டயர்களைத் தேய்த்துத் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். என் காரில் ஒரு செட் டயர் ஒரு சீசன் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது. கார் வாங்கும் விலையைவிட ஒவ்வொரு டிராக் டேயிலும் கரையும் பணம்தான் எத்தனை தடவை போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அடிக்கடி போகிறவர்தான் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்.

பிராண்ட்ஸ் ஹாட்ச் என்ற ஓடுதளம்தான் எனக்குப் பக்கம். கென்ட்டில் இருக்கிறது. இண்டி எனப்படும் சிறிய சுற்று 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் வளைவு பேடாக் ஹில். உள்ளே நுழையும்போது வளைவின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது, வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பாதை சட்டென்று கீழே இறங்கும். இறக்கத்தில் முன்சக்கரங்களின் மேல் இருந்த பாரம் குறைந்து, அடியில் மறுபடி அழுந்துவதை இந்த காரின் ஸ்டியரிங் கையிலேயே சொல்லிவிடும். ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் என்பதால் இந்தத் தகவல் வடிகட்டப்படாமல் வருகிறது. அங்கிருந்து மேடேறி ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசி வளைவு. அதற்குள் கியரை இறக்க வேண்டும், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே ஆக்சிலரேட்டரைத் தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்றிக்கொடுக்க வேண்டும், கிளட்சை விட வேண்டும், ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்தால் கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் வளையும். தப்பினால் பின்சக்கரம் ஒரு நொடி இழுபட்டு, நாம் செய்ததை உடனே காட்டிக்கொடுக்கும்.

மேனுவல் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நல்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்னைவிட வேகமாக மாற்றும், சந்தேகமே இல்லை. ஆனால் நேரம் அளக்காத ஒரு நாளில், நான்கு வேலையை ஒரே மூச்சில் ஒழுங்காகச் செய்வதுதானே நாம் காசு கொடுத்துத் தேடிவந்த சுகம்? இந்தக் காரில் கியர் லீவர் நேராக கியர்பாக்ஸுக்குள்ளேயே இறங்குகிறது, நடுவில் கேபிள் கிடையாது. மணிக்கட்டை அசைத்தால் போதும், பல் பதிவது விரலுக்குத் தெரியும். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டம் இறுக்கமாக இணைத்திருப்பதால் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் தாமதமோ தொய்வோ இல்லாமல் பின்சக்கரம் பதில் சொல்கிறது. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறையிலிருந்தே இந்தச் சட்டம் உண்டு. அதை வடிவமைத்தவர்கள் எங்கே பணம் செலவழிக்க வேண்டும் என்று தெரிந்து செலவழித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

என் காரில், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தவிர வேறு மின்னணு உதவி இல்லை. மழை நாளில் இது பயமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறான அனுபவம். குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கத் தொடங்கும், மெதுவாகத்தான் வழுக்கும், திருத்திக்கொள்ள அவகாசம் தரும். நான் அதிகம் கற்றுக்கொண்டதெல்லாம் ஈரத் தரையில்தான்.

சரி, வேறு என்னவெல்லாம் பரிசீலித்தேன்? டொயோட்டா ஜிடி86 கடைசி வரை போட்டியில் இருந்தது. 2012-ல் வந்த கார், 200 குதிரைசக்தி, சுமார் 1,240 கிலோ. கூரை உண்டு. பின் இருக்கையை மடக்கினால் ஒரு செட் சக்கரத்தை அப்படியே உள்ளே ஏற்றலாம். குழந்தை இருக்கிற வீட்டில் ஒரே கார்தான் வைக்க முடியும் என்றால் அதையே எடுங்கள் என்பேன். லோட்டஸ் எலீஸ் எல்லாருக்கும் கனவு. 1996-ல் வந்த முதல் வகை 725 கிலோ அளவுதான். ஆனால் அதன் முன்பக்கமும் பின்பக்கமும் பெரிய ஃபைபர் கிளாஸ் ஓடுகள், சின்ன இடிக்கே செலவு எகிறும். பழைய போர்ஷே பாக்ஸ்டர் வாங்கும்போது மலிவு, உதிரி பாகம் வாங்கும்போது போர்ஷே விலை. ஹோண்டா எஸ்2000 இப்போது சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டது. 9,000 ஆர்பிஎம் வரை சுழலும் அந்த இன்ஜினைச் சுவரோரம் கொண்டுபோக எனக்கு மனம் வராது. ரெனோ கிளியோ 182 நல்ல துடிப்பான கார்தான், ஆனால் முன்சக்கர இயக்கம் என்பதால் திருப்புவது, இழுப்பது, பெரும்பங்கு பிரேக் எல்லாம் முன் டயர்களின் தலையில் விழுகிறது.

சுவரைப் பற்றிச் சொன்னேன். சாலைக்கான காப்பீடு பெரும்பாலும் டிராக் டேக்குச் செல்லாது. தனியாக எடுக்கலாம், எடுத்தாலும் நம் பங்காக ஒரு பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும். அதனால் காரின் முழு விலையும் ஒரு நாளில் போனாலும் குடும்பம் தாங்குமா என்ற கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். கடன் போட்டு வாங்கிய காரில் பேடாக் ஹில்லை நிம்மதியாக எடுக்க முடியாது.

இனி பராமரிப்பு. வாங்கியதும் நான் செய்த முதல் வேலை பிரேக் திரவத்தை மாற்றியது. டாட் 4 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து பெடல் தரைவரை போகும். சாலையில் வருடக்கணக்காக இதைத் தெரியாமலே ஓட்டலாம், டிராக்கில் சில சுற்றுகளிலேயே தெரிந்துவிடும். 300 டிகிரியைத் தாண்டும் ரேஸ் திரவமும், வெப்பம் தாங்கும் பேடும் போட்டபின் பிரேக்கைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. பேடை அழுத்தும் காலிப்பரும் டிஸ்க்கும் இன்னும் கம்பெனி அளவில்தான் இருக்கின்றன.

இரண்டாவது, வீல் அலைன்மென்ட். இந்தக் காரில் நான்கு சக்கரத்திலும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, சரிசெய்யும் போல்ட் கம்பெனியிலிருந்தே உண்டு. எந்த உதிரியும் வாங்காமல் சக்கரத்தின் தலையை உள்பக்கம் கூடுதலாகச் சாய்த்துக்கொண்டால், டயரின் வெளி ஓரம் தேய்வது பெருமளவு குறையும். பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் வலப்பக்க வளைவுகளே அதிகம், அதனால் இடது முன் டயர்தான் அதிகம் உழைக்கும். வருடங்கள் ஆன காரில் அந்த போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். வாங்குவதற்கு முன்பே அவை திரும்புகின்றனவா என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் அறுத்து எடுக்க ஆகும் கூலி போல்ட் விலையைவிடப் பல மடங்கு.

மற்றவை சின்ன விஷயங்கள். கால் டேங்குக்குக் கீழே பெட்ரோல் இறங்கினால் நீண்ட வளைவுகளில் இன்ஜின் திணறும், ஆகவே மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும். டிராக்கில் லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர்தான் கிடைக்கிறது. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பழுப்பு நிறமாக மாறியிருந்தால் விரிசல் விடும் முன்பே மாற்றிவிடுங்கள். சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்ட வேண்டாம். பெட்ஃபர்ட் ஆட்டோட்ரோம் என்ற ஓடுதளத்தில் ஓடும்போது அளக்கும் வரம்பு 87.5 டெசிபல், அதைத் தாண்டினால் நாள் அங்கேயே முடிந்துவிடும்.

கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பார் என்ற உலோக வளைவு கட்டாயம் வேண்டும். துணிக்கூரைக் கார்களை அது இல்லாமல் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், ஏற்றாலும் நான் போக மாட்டேன். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு நீளக் கம்பை வைத்துப் பாருங்கள், தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். உயரமானவர்கள் இருக்கையின் ஸ்பாஞ்சைச் செதுக்கி இறக்கிக்கொள்கிறார்கள். அதுவும் போதவில்லை என்றால், 2005-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் உள்ளே இடம் கொஞ்சம் கூடுதல்.

இந்தக் காரின் உண்மையான எதிரி துரு. குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்பு தூவுவார்கள். அதோடு, கூரைத் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் துளைகள் வழியாக வடிய வேண்டும். இலை தழை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்துக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். பின்சக்கர வளைவுக்கு முன்னால் பெயின்ட் குமிழ்விட்டிருந்தால் உள்ளே நிலைமை அதைவிட மோசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தலைமுறையில் முன்பக்க அடிச்சட்டம் இரட்டைத் தகடாக இருக்கும், நடுவில் ஈரம் சேரும். காரைத் தூக்கி, டார்ச் அடித்து, அங்கே விரல் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின் ஓடிய தூரத்தைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன். துரு இல்லாத, அதிகம் ஓடிய கார் எனக்குப் போதும். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கழித்துக்கட்டிய கார்களிலிருந்து எளிதாகக் கிடைக்கின்றன. இந்தக் காரை வைத்து இங்கே ரேஸ் தொடர்களே பல வருடங்களாக நடப்பதால், எந்த வேலையும் தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருப்பார்.

கையில் பணம் கூடுதலாக இருப்பவர்கள் 2015-ல் வந்த நான்காம் தலைமுறையைப் பார்க்கலாம். மறுபடியும் 1,000 கிலோ அளவுக்கு இறங்கிய கார். 2018-க்குப் பிந்தைய 2 லிட்டர் வகை 184 குதிரைசக்தியோடு 7,500 ஆர்பிஎம் வரை போகிறது. நண்பருடையதை ஓட்டிப் பார்த்தேன், அருமை. ஸ்டியரிங் மட்டும் மின்சார வகை என்பதால் என் பழைய காரின் பேச்சு அதில் இல்லை.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ படிப்பவர்களுக்கு: எம்எக்ஸ்-5 இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே இல்லை. ஆனால் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளமும் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன, 900 கிலோ அளவிலான மேனுவல் ஸ்விஃப்ட்டும் இருக்கிறது. பின்சக்கர இயக்கம் கிடைக்காது, மற்றபடி எடைக் கணக்கு அங்கேயும் இதேதான். நம் ஊர் வெயிலில் பிரேக் திரவத்தை ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் மாற்றுங்கள், சில சுற்றுகளுக்கு ஒருமுறை மெதுவாக ஒரு சுற்று ஓட்டி ஆறவிடுங்கள், உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் விடுங்கள்.