50 மாநிலங்களின் பறவையும் பூவும் ஒரே ஷீட்டில்: 1982 அமெரிக்க ஸ்டாம்ப் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். அமெரிக்காவின் மாநிலப் பறவைகள், மாநிலப் பூக்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, 1982 ஏப்ரலில் அந்நாட்டு அஞ்சல் துறை வெளியிட்ட இந்த ஷீட்டைத்தான் முதலில் சொல்வேன். 50 மாநிலத்துக்கு 50 ஸ்டாம்ப், ஒவ்வொன்றும் 20 சென்ட், அலபாமாவில் ஆரம்பித்து வயோமிங்கில் முடிகிறது. பறவைகளை வரைந்தவர் ஆர்தர் சிங்கர், பூக்களை வரைந்தவர் அவர் மகன் ஆலன் சிங்கர். சொல்லாவிட்டால் இரண்டு பேர் கை பட்டது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு இசைவு.

வேலை லேசுப்பட்டதில்லை. கார்டினல் என்ற சிவப்புப் பறவை மட்டும் 7 மாநிலங்களுக்குச் சொந்தம். மெடோலார்க் 6, மாக்கிங்பேர்ட் 5. அதாவது 18 ஸ்டாம்பை மூன்றே பறவைகளை வைத்து ஒப்பேற்ற வேண்டும். வட கரோலினாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் பறவை மட்டுமில்லை, பூவும் ஒன்றுதான்: கார்டினல், டாக்வுட். இந்த இரண்டையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் போட்டுவிடவில்லை, இரண்டும் தனித்தனியாக யோசித்து வரைந்த படங்கள். எனக்கு இந்த ஷீட்டின் மேல் மரியாதை வந்தது இங்கேதான்.

அப்புறம் யூட்டா. கடலே இல்லாத மாநிலத்துக்குக் கடற்காகம் எப்படி மாநிலப் பறவையானது? 1848-இல் அங்கே குடியேறிய மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களின் பயிரைப் பூச்சிக் கூட்டம் மொய்த்தபோது, இந்தப் பறவைகள் வந்து தின்று காப்பாற்றின என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. பக்கத்தில் இருக்கிற செகோ லில்லியும் சும்மா அழகுக்காக வந்த பூ இல்லை, அதன் கிழங்கைத் தோண்டித் தின்றுதான் பலர் அந்தப் பஞ்சகாலத்தைத் தாண்டினார்கள். ஒரு மாநிலத்தின் பசிக்காலம் முழுக்க ஒரு சின்ன ஸ்டாம்புக்குள் இருக்கிறது, ஆனால் ஸ்டாம்பில் பெயரைத் தவிர வேறு விளக்கம் கிடையாது, நாமாகத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டெலாவேருக்கும் ரோட் ஐலண்டுக்கும் கோழிதான் மாநிலப் பறவை, குழந்தைகளிடம் காட்டினால் முதலில் அங்கேதான் விரலை வைப்பார்கள்.

எனக்குப் பெரிய குறை, மரங்கள் இல்லாததுதான். எல்லா மாநிலத்துக்கும் மாநில மரம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் இதில் பறவையும் பூவும் மட்டும்தான். மெய்ன் போன்ற சில மாநிலங்கள் விதிவிலக்கு, மெய்னுக்குப் பூ என்று அறிவித்ததே வெள்ளைப் பைன் மரத்தின் கூம்பைத்தான் என்பதால் மரம் அந்த வழியில் உள்ளே வந்துவிட்டது. எழுத்தும் பொடி, வயதானவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் ஆகாது.

விலை விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஏராளமாக அச்சடித்த ஷீட் இது, முகமதிப்பே 10 டாலர்தான், அபூர்வம் என்று சொல்லி யாராவது பல மடங்கு கேட்டால் நகர்ந்துவிடுங்கள். ஓரத்துத் துளைகளில் இரண்டு அளவு உண்டு, தீவிரமாகச் சேகரிப்பவர்கள் எது என்று கேட்டு வாங்குவது நல்லது. தபாலில் வரவழைத்தால் மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் நடுவில் மடித்து அனுப்பியதில் துளை வரிசை பாதி வரை பிரிந்தே வந்தது, முழு ஷீட்டாகச் சட்டம் போட நினைத்தது நடக்கவில்லை.