அம்பாசடருக்கு ஹெட் மாட்டிய அல்சூர் ஷெட்

அப்பாவின் 1978 மார்க் 3 அம்பாசடர், பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஒருநாள் கொதித்ததிலிருந்து படுத்தி எடுத்தது. ஐடிலில் நடுக்கம், மேட்டில் இழுவையே இல்லை. வேறொரு ஷெட்டில் ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை கேஸ்கெட் மாற்றினார்கள்; இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடியில் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு அது. இரண்டு முறையும் சாயங்காலமே வண்டி கைக்கு வந்துவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான்!

அல்சூரில் இருக்கும் இந்த ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மெக்கானிக் கிருஷ்ணகிரிக்காரர், அறுபதைத் தாண்டியவர். முதலில் கம்ப்ரஷன் பார்த்தார், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று. 2, 3 இரண்டு சிலிண்டரிலும் முள் பாதியில் நின்றது. "ரெண்டுக்கும் எக்ஸாஸ்ட் வழி ஒண்ணுதான் சார், சூடு அங்கதான் குந்திக்கும்" என்றார். ஹெட்டைக் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து, இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டார். ஓரங்களில் போகாத தகடு நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. என் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வளைந்த ஹெட்டுக்கு எத்தனை கேஸ்கெட் போட்டு என்ன?

ஹெட்டின் முகத்தைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங் லேத்காரரிடம் நடந்தது. அதில் இரண்டு நாள் போயிற்று. மாட்டும் அன்று லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். வால்வைத் திறக்க உதவும் எட்டு புஷ் ராடுகளையும் மாம்பழப் பெட்டி அட்டையில் ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்தி வைத்திருந்தார். பிளாக்கின் முகத்தைச் சுரண்டித் துடைக்கவே ஒரு மணி நேரம். ஹெட்டுக்கு மொத்தம் 11 நட்டு. அதில் நான்கு நட்டுகள், வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கரையும் சேர்த்துப் பிடிப்பவை என்பதால் ராக்கரை உட்கார வைத்த பிறகே டைட். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்று, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில். பழைய ஷெட்டில் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரே மூச்சில் முறுக்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு நாள் என்றது ஐந்து நாளாயிற்று. போனை எடுக்கவே மாட்டார். பில் கேட்டால் கேஸ்கெட் கவரின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார். ஃபேசிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி வரச் சொன்னார். ஓட்டிக்கொண்டு போய் நின்றால் தொடமாட்டார். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். முந்தின ராத்திரியே ஷெட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். காலையில் நட்டுகளை இன்னொரு முறை டைட் பார்த்து, டேப்பட்டும் (வால்வு இடைவெளி) வைத்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.