அடுக்கு நீலச் சங்குப்பூ விதைப் பாக்கெட்: விதைக்கு நாலு, குறிப்புக்கு ஒன்று

இந்தப் பாக்கெட்டுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: முளைக்கவே இல்லை. பழி விதை மேல் இல்லை. பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் 'இரவு முழுக்க ஊறவைத்து விதைக்கவும்' என்ற வரி மேல்தான்.

சங்குப்பூ விதையின் தோல் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. ஊறப்போட்ட மறுநாள் கிண்ணத்தைப் பார்த்தாலே விளங்கும்: சில விதைகள் நன்றாக உப்பி மெத்தென்று இருக்கும், மற்றவை போட்டபடியே பளபளப்பாக, நகம்கூடப் பதியாமல் கிடக்கும். உப்பாததை அப்படியே விதைத்தால் வாரக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா இருக்கும். பலர் அதைச் செத்த விதை என்று கொட்டிவிடுகிறார்கள்.

உப்புத்தாள் ஒரு துண்டு போதும். காயோடு ஒட்டியிருந்த தழும்பை விட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் மூன்று நான்கு இழுப்பு. தோலுக்கடியில் வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பருப்பு வரை தேய்த்தால் மண்ணில் அழுகும். பிறகு வெதுவெதுப்பான நீரில் 6 முதல் 8 மணி நேரம், 1 செ.மீ. ஆழத்தில் விதைப்பு. மண் கதகதப்பாக இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தலை நீட்டும். ஆணிவேர் கிளறுவதைப் பொறுக்காது, அதனால் நிரந்தரத் தொட்டியிலேயே விதைப்பது நல்லது. தொட்டி 12 அங்குலம் என்றால் இரண்டு செடிக்கு மேல் வேண்டாம்.

விதையைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் திரட்சியாக, ஒரே நிறத்தில் இருக்கின்றன. வண்டு துளைத்தது ஒன்றுகூட இல்லை. அடுக்கு ரகம்தானா என்பதை மட்டும் விதையைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒற்றைப் பூவில் ஒரே ஒரு பெரிய இதழ் விரிந்து நிற்கும், அடுக்கில் ஐந்தும் ஏறக்குறைய சம அளவில் விரியும். அது தெரிய இரண்டு மாதமாவது ஆகும். பாக்கெட்டில் பேக்கிங் தேதி இருக்கிறது, அறுவடைத் தேதி இல்லை. அரை நட்சத்திரம் அதற்கே போகிறது.

குறிப்பில் இன்னொரு வினை: 'வாரம் ஒருமுறை யூரியா.' பயறு வகைச் செடி இது. வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவே காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துக் கொடுக்கிறது. மேலே யூரியாவும் கொட்டினால் கொடி இலையாக மண்டும், பூவைத் தேட வேண்டியிருக்கும். விதைக்கும்போது தொட்டி மண்ணில் மட்கிய உரம் கால் பங்கு, பிறகு தினமும் 6 மணி நேர நேர்வெயில், அவ்வளவுதான்.

காயைக் கொடியிலேயே விட்டால் பூ குறையும். விதைக்கென்று நாலைந்து விட்டுவிட்டு மற்றதைப் பிஞ்சிலேயே கிள்ளுங்கள். விட்ட காய் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் பறித்துத் துணிப்பையில் கட்டிவையுங்கள். கொடியில் காய்ந்து முறுக்கி வெடித்தால் விதை மூலைக்கொன்றாய்ச் சிதறிவிடும்.