சர்வோ மோட்டார்: ஊனோவிலிருந்து நேரடியாகவா, தனிப் பலகை வழியாகவா?

நான்கு எஸ்ஜி90 சர்வோக்களை (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்கள்) வைத்து ஒரு சின்ன இயந்திரக் கை செய்தேன். நான்குக்கும் மின்சாரம் அர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையின் 5 வோல்ட் பின்னிலிருந்துதான் (பின் என்பது கம்பி இணைக்கும் முனை). தோள்பட்டை சர்வோ அசைந்ததும் பலகையின் விளக்கு மங்கும், ஊனோ அணைந்து முதலிலிருந்து தொடங்கும். தொடங்கியவுடன் நான்கையும் 90 டிகிரிக்குத் திருப்பும், அந்த இழுப்பில் மறுபடி அணையும். காய்ச்சல்காரனைப் போலக் கை மேசைமேல் வெடவெடத்தது.

ஊனோவால் சமாளிக்க முடியவில்லை என்று நினைத்து, 16 சர்வோக்களை ஓட்டும் பிசிஏ9685 பலகையை வாங்கினேன். அதற்கும் மின்சாரத்தை அதே பின்னிலிருந்து கொடுத்தேன். அதே வெடவெடப்பு!

தடைபட்டு நின்றால் ஒரு எஸ்ஜி90 மட்டுமே அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஊனோவின் யுஎஸ்பி வழிக்கு எல்லையே அரை ஆம்பியர்தான். எந்த வழியில் போனாலும் சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் வேண்டும். அதன் தரை இணைப்பையும் (GND) ஊனோவின் தரை இணைப்பையும் சேர்த்துவிட வேண்டும். இது சரியான பிறகுதான் இரண்டையும் ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது.

சர்வோவுக்கு 20 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு மின்துடிப்பு போக வேண்டும். அது ஏறத்தாழ 1.5 மில்லிநொடி நீண்டால் கை நடுவில் நிற்கும். ஊனோவின் சர்வோ லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) இதை டைமர் 1 என்ற நேரம் எண்ணும் பகுதியைக் கொண்டு, இன்டரப்ட் மூலம், அதாவது ஓடும் நிரலைச் சற்றே இடைமறித்து, செய்கிறது. 12 சர்வோ வரை தாங்கும். 9, 10ஆம் பின்களில் அனலாக்ரைட் (விளக்கின் வெளிச்சம் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் கட்டளை) மட்டும் வேலை செய்யாது. சிக்கல், இன்டரப்டை வேறு யாராவது நிறுத்தினால்தான். நியோபிக்சல் விளக்குப் பட்டை அப்படித்தான் செய்கிறது: 60 விளக்குகளுக்குத் தரவு அனுப்ப ஏறத்தாழ 1.8 மில்லிநொடி. அதற்குள் மாட்டிக்கொண்ட துடிப்பு இரண்டு மடங்காகக்கூட நீளும், சர்வோ வெட்டி இழுக்கும்.

பிசிஏ9685 பக்கம் இந்தத் தொல்லை இல்லை. எல்இடி விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கப் பிறந்த சிப் அது. சொன்ன துடிப்பைத் தானே அனுப்பிக்கொண்டிருக்கும். ஐ2சி என்ற தகவல் இணைப்பு வழியாக இரண்டே கம்பிகளில் கட்டளை போய்விடும். ஓஇ (வெளியீட்டு அனுமதி) பின்னின் மின்னழுத்தத்தை உயர்த்தினால் எல்லாத் துடிப்பும் ஒரே நொடியில் நிற்கும். கை சிக்கிக்கொண்டபோது இதன் அருமை தெரியும்.

ஆனால் "12 பிட், அதனால் துல்லியம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். 20 மில்லிநொடியை 12 பிட்டுக்குரிய 4096 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 4.9 மைக்ரோநொடி. ஊனோவின் டைமர் படியோ 0.5 மைக்ரோநொடி. எஸ்ஜி90க்கு 10 மைக்ரோநொடிக்குக் கீழே எதுவும் உறைக்காது என்பதால் இங்கே அது வீண் சண்டை. உண்மையான தலைவலி சிப்பின் உள்கடிகாரம். ஏட்டில் 25 மெகாஹெர்ட்ஸ். நமக்குக் கிடைக்கும் சிப்பில் 27 ஆகவும் இருக்கலாம். அப்போது துடிப்பு சுருங்கி, நடுவில் நிற்க வேண்டிய கை பத்து டிகிரி தள்ளி நிற்கும். லைப்ரரியில் கடிகார எண்ணைத் திருத்தினால் சரியாகும்.

ஆறு கால் எந்திரத்துக்கு 18 சர்வோ. அங்கே யோசிக்காமல் இரண்டு பிசிஏ9685. விளக்குப் பட்டை இருந்தாலும் அதுவே. நான்கைந்து சர்வோ மட்டும் என்றால் ஊனோவே போதும். என் கை இப்போது 3 ஆம்பியர் அடாப்டரில், ஊனோவிலிருந்து நேரடியாக ஓடுகிறது. வாங்கிய பலகை மேசை இழுப்பறையில் கிடக்கிறது.